கீரை கண்ணுக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது?

பொன்னாங்கண்ணிக் கீரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் பட்டப்பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. கீரையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பார்க்காத பாட்டிகள் குறைவு. பகலில் நட்சத்திரம் மறைவதற்குக் காரணம் வானத்தின் வெளிச்சமே தவிர நம் கண்ணின் குறை அல்ல. ஆகவே எந்தக் கீரையாலும் அதைக் காட்ட முடியாது. ஆனால் இரவில் நட்சத்திரத்தைக் காண வேண்டுமானால் கீரையிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் ஒரு பொருள் கண்ணுக்குள் கட்டாயம் இருந்தாக வேண்டும். அந்தப் பொருள் இல்லாதவருக்கு நட்சத்திரம் மட்டுமல்ல, அந்தி மயங்கியபின் வாசற்படியும் தெரியாது. அந்தப் பொருளின் பெயர் வைட்டமின் ஏ. கண்ணுக்கு நல்ல உணவு எது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் முதலில் இதன் கதையைத் தெரிந்துகொண்டால், மற்றவை எளிதில் விளங்கும்.

கண்ணின் பின்சுவரில் விரிந்திருக்கும் மெல்லிய படலத்துக்கு விழித்திரை என்று பெயர். அதில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. கூம்பு போன்றவை ஏறத்தாழ 60 லட்சம். பகல் வெளிச்சத்தில் வேலை செய்பவை, நிறங்களைப் பிரித்தறிபவை. குச்சி போன்றவை ஏறத்தாழ 12 கோடி. நிறம் அறியாதவை, ஆனால் மிக மங்கலான ஒளியையும் பிடித்துக்கொள்பவை. இந்தக் குச்சிச் செல்களுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி நிறைந்திருக்கிறது. ஒரு புரதமும், அதன் மடியில் வளைந்து அமர்ந்திருக்கும் சிறு மூலக்கூறு ஒன்றும் சேர்ந்ததே ரோடாப்சின். அந்தச் சிறு மூலக்கூறு வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாவது. ஒளி அதன்மீது பட்டதும் வளைந்திருந்தது நிமிர்கிறது. அந்த ஒரு நிமிர்வுதான் நரம்பின் வழியே மூளைக்குச் செய்தியாகப் போகிறது. நாம் பார்ப்பதெல்லாம் இப்படிக் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் நிமிர்வதன் விளைவே. நிமிர்ந்துவிட்ட மூலக்கூறு புரதத்தை விட்டுப் பிரிந்து, பக்கத்திலுள்ள செல்படலத்துக்குச் சென்று, அங்கே மீண்டும் வளைக்கப்பட்டுத் திரும்பி வருகிறது.

வெயிலிலிருந்து சினிமாக் கொட்டகைக்குள் நுழையும்போது முதலில் ஒன்றும் தெரியாமல், பிறகு மெல்ல மெல்ல இருக்கைகள் தெரியத் தொடங்குவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். வெளியில் வெயிலில் கலைந்துபோன ரோடாப்சின் மறுபடி சேர்வதற்கான நேரம் அது. முழுமையாகச் சேர அரை மணி நேரம் வரை ஆகும். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் கண்டறிந்து, இந்தச் சுழற்சியைப் படிப்படியாக விளக்கிய அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் வால்டுக்கு, வேறு இருவருடன் சேர்த்து 1967-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தச் சுழற்சியில் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு வைட்டமின் ஏ வீணாகிறது. அதை ஈடுகட்ட இரத்தத்தின் வழியே புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். நம் கல்லீரல் வைட்டமின் ஏ-யைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். நல்ல சேமிப்பு இருந்தால் பல மாதங்களுக்குத் தாங்கும். அதுவும் தீர்ந்துவிட்டால்தான் கண் முறையிடத் தொடங்குகிறது.

முதல் முறையீடு மாலைக்கண். பகலில் ஓடியாடும் குழந்தை, பொழுது சாய்ந்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். நடந்தால் சுவரைத் தடவும். தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் துழாவும். இதை மருத்துவருக்கு முன்பே தாய் கண்டுபிடித்துவிடுவாள். நோய்க்கு மாலைக்கண் என்று நம் மொழியில் பெயர் இருப்பதே, அது எவ்வளவு காலமாக நம்மிடையே இருந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. கவனிக்காமல் விட்டால் அடுத்து வெள்ளை விழி பளபளப்பை இழந்து வறண்டுபோகும்; கருவிழிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் காதை நோக்கிய பக்கத்தில், சோப்பு நுரை ஒட்டியது போன்ற திட்டு தோன்றும். 1863-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பிட்டோவின் பெயரால் இதைப் பிட்டோ புள்ளி என்பார்கள். அதையும் தாண்டினால் கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலிருக்கும் கருவிழிப்படலம் வறண்டு, மென்மையாகி, சில நாட்களுக்குள்ளேயே உருகிக் கரைந்துவிடக்கூடும். மாலைக்கண்ணை வைட்டமின் ஏ கொடுத்து ஓரிரு நாளில் திருப்பிவிடலாம். உருகிய கருவிழியைத் திருப்ப முடியாது.

விழித்திரையில் வேலை செய்யும் வைட்டமின், கருவிழியை ஏன் காக்கிறது என்று கேட்கலாம். உடலின் ஈரமான உட்பரப்புகளையெல்லாம் ஈரமாகவும் உறுதியாகவும் வைத்திருப்பது அதன் இரண்டாவது பணி. கண்ணின் மேற்பரப்பு, மூச்சுக்குழாய், குடல் ஆகிய மூன்றின் மேல்தோலும் அதை நம்பியிருக்கின்றன. அதனால்தான் வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்குப் பேதியும் சளிக்காய்ச்சலும் அடிக்கடி வருகின்றன. அதனால்தான் தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்கள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. தட்டம்மை உடலில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமின் ஏ-யையும் விழுங்கிவிடும்.

மாலைக்கண்ணுக்கு ஈரல் கொடுக்கலாம் என்பதை பண்டைய எகிப்தியர்களே அறிந்திருந்தார்கள். காரணம் தெரியாமலே சரியான மருந்தைப் பிடித்துவிட்டார்கள்; ஆட்டின் ஈரலும் வைட்டமின் ஏ-யின் களஞ்சியம்தானே. காரணம் தெளிவானது இருபதாம் நூற்றாண்டில். முதல் உலகப் போர்க்காலத்தில் டென்மார்க் தன் வெண்ணெயைப் பெருமளவு ஏற்றுமதி செய்ய, ஏழைக் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலும் தாவர எண்ணெயில் செய்த செயற்கை வெண்ணெயுமே மிஞ்சின. கண் வறண்ட குழந்தைகள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். கார்ல் எட்வர்ட் பிளாக் என்ற குழந்தை மருத்துவர் முழுப் பாலும் மீன் ஈரல் எண்ணெயும் கொடுத்து அவர்களைத் தேற்றினார். வெண்ணெய்க் கொழுப்பில் கரைந்திருக்கும் இந்தச் சத்தை அமெரிக்காவில் மெக்காலமும் மார்கரெட் டேவிஸும் 1913-இல் கண்டறிந்திருந்தார்கள். பால் உற்பத்தியில் சிறந்த ஒரு நாட்டில், பாலின் கொழுப்பு மட்டும் விலகியதால் குழந்தைகளின் கண் போனது என்பதை நான் எப்போது படித்தாலும் மனம் கனக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஆன்டொனெட் பிரி முதலியோருடன் சேர்ந்து, கண் வறண்ட, உடல் மெலிந்த குழந்தைகளை உணவாலேயே தேற்றும் மையம் ஒன்றில் ஆய்வு செய்தார். அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் அவர்கள் அளந்தது வைட்டமினை மட்டுமல்ல, அதைக் கல்லீரலிலிருந்து கண்ணுக்குச் சுமந்து செல்லும் புரதத்தையும்தான். பருப்பு, பால், முட்டை போன்ற புரத உணவு போதாத குழந்தைக்கு, களஞ்சியத்தில் சரக்கு இருந்தாலும் அதை ஏற்றிச் செல்ல வண்டி இருக்காது. கீரையை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியடையக் கூடாது, கீரையுடன் பருப்பும் வேண்டும் என்பதை நம் கீரைக்கூட்டு எந்த ஆய்வும் இல்லாமலே கடைப்பிடித்து வந்திருக்கிறது.

அதே மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் உடன் பணியாற்றியவர்களும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு 1990-இல் வெளியாயிற்று. குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. அளவு 8333 சர்வதேச அலகு, அதாவது 2500 மைக்ரோகிராம்; நாளுக்குப் பங்கிட்டால் 350 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம். ஒரு சிறு குழந்தை நல்ல உணவிலிருந்தே பெற்றிருக்க வேண்டிய அளவுதான் அது. அந்தச் சிறிய அளவு கிடைத்த குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. பிற்காலத்தில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் பலன் கூடியும் குறைந்தும் இருந்திருக்கிறது; பெரும் பற்றாக்குறை உள்ள இடத்தில் பலன் பெரிதாகவும், மற்ற இடங்களில் சிறிதாகவும் இருப்பது இயல்பே. ஆனால் உணவின் அளவிலான சத்து, வாரம் தவறாமல் கிடைத்தாலே ஓர் உயிரைக் காக்கும் என்பதைக் காட்டியது திருச்சி ஆய்வு. கண் நலத்துக்கான உணவு பற்றி எனக்குச் சொல்வதற்கு இருப்பதும் ஏறக்குறைய இதுதான்: அளவு சிறியது, அது தவறாமல் கிடைக்க வேண்டும்.

எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். சிறு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ போதும். ஓராண்டு முழுமைக்கும் சேர்த்தால் ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்கு. அந்த ஏழில் ஒரு பங்கு கிடைக்காததால் இந்தியக் குழந்தைகள் பார்வையிழப்பதைத் தடுக்கவே, மத்திய அரசு 1970-இல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இன்றும் ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியுடன் 1 லட்சம் அலகும், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகும் கொடுக்கிறார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தத் தவணைகளைத் தவறவிடக் கூடாது. தடுப்பூசி அட்டையில் அதற்கென்று இடம் உண்டு.

கண்ணுக்குப் பயன்படும் நிறங்கள்

வைட்டமின் ஏ உணவில் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஈரல், முட்டையின் மஞ்சள் கரு, பால், வெண்ணெய், நெய், மீன் ஈரல் எண்ணெய் ஆகியவற்றில் அது நேராக வைட்டமினாகவே இருக்கிறது. கீரை, காய், பழங்களில் அது பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமியாக இருக்கிறது. நம் குடல் அதை உடைத்து வைட்டமினாக்கிக்கொள்கிறது. இந்த மாற்றத்தில் இழப்பு அதிகம். உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினிலிருந்து 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். 100 கிராம் காரட்டில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உண்டு. அதிலிருந்து ஏறத்தாழ 670 மைக்ரோகிராம் அளவுக்கு வைட்டமின் ஏ கிடைக்கும். அப்படியும் ஒரு குழந்தையின் ஒரு நாள் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

காரட்டில் ஆரஞ்சு நிறம் வெளிப்படையாகத் தெரிகிறது. கீரையில் அதே நிறமி பச்சையத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, முளைக்கீரை, கொத்தமல்லி எல்லாவற்றிலும் அது நிறைந்திருக்கிறது. பச்சை அடர்ந்திருந்தால் உள்ளே ஆரஞ்சும் அடர்ந்திருக்கும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். வெளிர்ந்த முட்டைக்கோஸின் உள்ளிதழில் அது மிகக் குறைவு. தாளிப்பில் போட்டு, சாப்பிடும்போது பொறுக்கி ஒதுக்கிவிடும் கறிவேப்பிலை இந்த நிறமியில் மிகவும் வளமானது. அதைத் துவையலாக அரைத்தோ பொடியாக இடித்தோ சாப்பிட்டால்தான் பலன்.

நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் தூளின் மஞ்சள் வேறு நிறமி. அதிலிருந்து வைட்டமின் ஏ உண்டாகாது. பீட்ரூட்டின் சிவப்பும் வேறு. தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோப்பீன் கரோட்டினின் உறவுதான் என்றாலும், உடலால் அதை வைட்டமின் ஏ-யாக மாற்ற முடியாது. நம் சந்தையில் அதிகம் கிடைக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோல் சிவப்பாக இருந்தாலும் உள்ளே வெள்ளையாக இருக்கும். அதில் இந்தச் சத்து மிகக் குறைவு. உள்சதை ஆரஞ்சாக இருக்கும் கிழங்கு கிடைத்தால் விடாமல் வாங்கலாம். மஞ்சள் பூசணி, பழுத்த பப்பாளி, பழுத்த மாம்பழம் ஆகியவை நம்பகமானவை. காயாக இருக்கும் மாங்காயிலும் பப்பாளிக்காயிலும் அந்தச் சத்து இன்னும் சேர்ந்திருக்காது. தீட்டிய வெள்ளை அரிசியில் கரோட்டின் துளியும் இல்லை. சோற்றையும் ரசத்தையும் மட்டுமே நம்பி வளர்ந்த குழந்தைகளுக்கு மாலைக்கண் வந்ததற்கு இதுவே வேர்க்காரணம்.

கரோட்டின் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். எண்ணெயோ நெய்யோ தேங்காயோ இல்லாமல் கீரையைச் சாப்பிட்டால் அதிலிருக்கும் கரோட்டினின் பெரும்பகுதி குடலைக் கடந்து வெளியேறிவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். தேங்காய்த் துருவல் போட்ட பொரியல், நெய் விட்ட கீரைக்கடைசல், யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கும் கீரைக்கறி எல்லாமே இந்த விதியை நிறைவேற்றுகின்றன. உடல் மெலிய வேண்டும் என்று எண்ணெயைத் துளியும் சேர்க்காமல் வேகவைத்த காய்களை மட்டும் உண்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரோட்டின் செடியின் செல்சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதால், பொடியாக நறுக்குவதும் வேகவைப்பதும் கடைவதும் அதை விடுவிக்கின்றன. பச்சைக் காரட்டைக் கடிப்பதைவிட, துருவி எண்ணெயில் வதக்கியதிலிருந்து உடல் அதிகமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் நீண்ட நேரம் திறந்து வைத்துக் கொதிக்கவிடுவதும் வெயிலில் உலர்த்துவதும் அதைச் சிதைக்கும். முருங்கைக்கீரைப் பொடி செய்பவர்கள் இலையை நிழலில் உலர்த்துவது இதனால்தான்.

கரோட்டினில் இன்னொரு நல்ல குணமும் இருக்கிறது. உடல் தேவைக்கேற்பவே அதை வைட்டமினாக மாற்றும். அதனால் கீரையையோ காரட்டையோ அதிகம் தின்று வைட்டமின் ஏ நஞ்சாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். மிக அதிகமாகச் சாப்பிடுபவர்களுக்கு உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகலாம். வெள்ளை விழி வெள்ளையாகவே இருக்கும் என்பதை வைத்து அது காமாலை அல்ல என்று அறியலாம். ஆனால் நேரடியான வைட்டமின் ஏ அப்படியல்ல. ஈரலும் மீன் ஈரல் எண்ணெயும் மாத்திரைகளும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். கருவுற்றிருக்கும் பெண்களுக்கு அவை மிகுந்தால் கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் ஏற்படக்கூடும். கருவுற்றவர்கள் மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மஞ்சள் புள்ளியும் வயதான கண்ணும்

விழித்திரையின் நடுவில் மஞ்சள் புள்ளி என்று ஒரு சிறிய இடம் இருக்கிறது. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அந்த இடத்தால்தான். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான லூட்டின், சீயாசாந்தின் என்ற இரண்டு நிறமிகளை நம் உடலால் உண்டாக்கவே முடியாது; நாம் தின்ற இலையிலிருந்தும் முட்டையிலிருந்தும் அவை இரத்தத்தின் வழியே அங்கே சென்று படிகின்றன. சாப்பிட்டது கண்ணுக்குள் நிறமாகவே தங்குவதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. கண்ணாடியில் பூசிய வண்ணம் போல இந்த நிறமிகள் ஒளியின் நீலப் பகுதியை வடிகட்டுகின்றன. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து செல்களுக்கு உண்டாக்கும் சேதத்தையும் தணிக்கின்றன. லூட்டின் அடர்பச்சைக் கீரைகளில் மிகுதி. சீயாசாந்தின் மஞ்சள் மக்காச்சோளத்தில் உண்டு. அதன் பெயரின் முற்பகுதியே மக்காச்சோளத்தின் தாவரப் பெயரான சீயா என்பதிலிருந்து வந்தது. முட்டையின் மஞ்சள் கருவில் இரண்டும் கொழுப்போடு சேர்ந்தே இருப்பதால் எளிதில் உடலில் சேர்கின்றன. கொழுப்புக்கு அஞ்சி மஞ்சள் கருவை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் உண்பவர்கள் எறிவது கண்ணுக்கான பகுதியை.

வயது ஏற ஏற இந்த மஞ்சள் புள்ளி சிலருக்குச் சிதையத் தொடங்கும். நேர்க்கோடு வளைந்து தெரிவதும், பார்க்கும் முகத்தின் நடுப்பகுதி மங்குவதும் அதன் அறிகுறிகள். இதற்காக அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது: வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் ஆகியவை சேர்ந்த மாத்திரை, நோய் நடுநிலையை எட்டியவர்களில் அது முற்றும் அபாயத்தை ஏறத்தாழ 25 விழுக்காடு குறைத்தது. 2013-இல் வந்த இரண்டாம் ஆய்வு பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் சீயாசாந்தினும் சேர்ப்பதே ஏற்றது என்று காட்டியது. மாத்திரையாக அதிக அளவில் எடுத்த பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது அதற்கு முன்பே தெரியவந்திருந்தது. கீரையில் இருக்கும்போது நன்மை செய்யும் ஒரு பொருள், பிரித்தெடுத்துப் பெரிய அளவில் கொடுத்தபோது ஒரு சாராருக்குத் தீமையாயிற்று என்பதை மாத்திரை வாங்கும் எவரும் நினைவில் வைக்க வேண்டும். இந்த மாத்திரையை அந்நோய் உள்ளவர்களுக்குக் கண் மருத்துவர் எழுதிக்கொடுப்பது சரி. நல்ல கண் உள்ளவர்கள் விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதற்கு இந்த ஆய்வில் ஆதாரமில்லை. புகைப்பதை விடுவதால் மஞ்சள் புள்ளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மற்ற சத்துகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கண்ணின் முன்னறையில் நிறைந்திருக்கும் நீரில் வைட்டமின் சி இரத்தத்தில் உள்ளதைப்போலப் பல மடங்கு செறிந்திருக்கிறது. நெல்லிக்காயும் கொய்யாவும் அதைத் தாராளமாகத் தருகின்றன. ஒளியுணரும் செல்களின் சவ்வுகளில் மீன் கொழுப்பில் இருக்கும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு செறிந்திருக்கிறது. மத்தி, அயிலை, நெத்திலி போன்ற விலை குறைந்த மீன்களிலேயே அது மிகுதி. ஆனால் கண் வறட்சிக்காக மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களையும், ஒலிவ எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களையும் ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வில் இருசாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. மீனை வாரம் இரண்டு முறை குழம்பாக வைத்து உண்பதே நல்லது.

இன்றைய கண்ணுக்கு எதிரி எது

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் கண்களுக்கு ஆபத்து பற்றாக்குறையிலிருந்து வந்தது. இன்று அது மிகுதியிலிருந்தும் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் மிகுந்திருந்தால் விழித்திரையின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலுவிழந்து கசியத் தொடங்கும், சில அடைபடும், அடைபட்ட இடங்களில் புதிதாக முளைக்கும் குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது, தொடக்கத்தில் பார்வையும் குறையாது. பார்வை குறைந்தபின் வருபவர்களுக்கு இழந்ததில் ஒரு பகுதியைத்தான் மீட்டுத்தர முடிகிறது.

ஆகவே நீரிழிவு உள்ளவருக்குக் கண்ணுக்கான உணவு என்பது முதலில் சர்க்கரையை அடக்கும் உணவே. 1993-இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வொன்று, இன்சுலினை நம்பி வாழும் நீரிழிவு நோயாளிகளில் சர்க்கரையைக் கண்டிப்புடன் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு தோன்றும் அபாயம் 76 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. எந்தக் கீரையும் எந்த மாத்திரையும் இவ்வளவு பெரிய பாதுகாப்பைத் தந்ததாக நான் அறிந்ததில்லை. நம் சாப்பாட்டு முறையில் இதன் பொருள், தட்டில் சோறு பிடித்திருக்கும் இடத்தைக் குறைப்பது. தட்டின் பாதியைக் காயும் கீரையும், கால் பகுதியைப் பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ, மீதிக் கால் பகுதியைச் சோறோ சப்பாத்தியோ நிரப்பினால், கண்ணுக்கு வேண்டிய கரோட்டின் வரும் அதே வழியில் சர்க்கரையும் இறங்கும். சிறுதானியம் நல்லது என்று கேழ்வரகுக் களியை வயிறு முட்ட உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தானியம் எதுவானாலும் அளவு அளவுதான். கண்ணுக்கு நல்லது என்று காரட்டையும் மாம்பழத்தையும் சாறாக்கி, சர்க்கரை சேர்த்துக் குடிப்பது இவர்களுக்கு நேர்மாறான பலனையே தரும். ஒரு கிண்ணம் பப்பாளியைத் துண்டுகளாகச் சாப்பிடுவது வேறு, நான்கு பழத்தைப் பிழிந்து குடிப்பது வேறு. உப்பைக் குறைத்து இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் அந்த நுண்குழாய்களுக்குச் செய்யும் உதவியே.

உணவால் முடியாதவற்றையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தூரத்தில் உள்ள கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கிட்டப்பார்வை. கண்கோளம் சற்று நீண்டு வளர்ந்துவிட்டதால் வருவது அது. காரட் தின்று அதைச் சுருக்க முடியாது. கண்ணாடி போடுவதுதான் வழி. அந்தக் குறை வராமல் தள்ளிப்போட, நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெட்டவெளியில் விளையாடுவது உதவும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கண்புரை விழுந்தபின் எந்த உணவும் அதைக் கரைக்காது. அறுவை சிகிச்சையே தீர்வு. இந்தியாவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே பார்வையிழப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு காரணம் கண்புரைதான் என்று 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு கூறுகிறது. உணவு மருந்து என்று நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் இழப்பது வீண் இழப்பு. கண்ணின் உள்ளழுத்தம் கூடும் கண்அழுத்த நோய்க்கும் உணவு மாற்று மருந்தாகாது. கீரைச் சாற்றையோ தேனையோ தாய்ப்பாலையோ விளக்கெண்ணெயையோ கண்ணுக்குள் விடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். கீரை கண்ணைச் சென்றடையும் வழி வயிறும் இரத்தமும்தான். மேலிருந்து ஊற்றினால் கிருமிதான் உள்ளே போகும், கருவிழியில் புண் உண்டாகும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியதைப் பார்த்தால், அது வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. வாரத்தில் நான்கைந்து நாட்கள் ஏதாவது ஒரு கீரை, ஒவ்வொரு முறையும் வேறு வேறாக, எண்ணெயோ தேங்காயோ சேர்த்து. இரண்டு நாட்கள் மஞ்சள் பூசணியோ காரட்டோ. சாப்பிடுபவர்களுக்கு வாரத்தில் சில முட்டைகளும் இரண்டு முறை சிறு மீனும். சைவர்களுக்குப் பாலும் தயிரும் பருப்பும். பருவத்தில் பப்பாளி, மாம்பழம், கொய்யா, நெல்லி. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், ஆறு மாதத்துக்குப்பின் தாய்ப்பாலுடன் கொடுக்கத் தொடங்கும் பருப்புச்சோற்றில் மசித்த கீரையும் ஒரு சொட்டு நெய்யும். பள்ளிப் பிள்ளைக்குச் சத்துணவில் முட்டை கிடைக்கும் நாட்களில், மஞ்சள் கருவையும் சேர்த்துச் சாப்பிட்டானா என்று கேட்டுக்கொள்ளலாம். முருங்கை மரம் வைக்க இடமிருப்பவர்கள் ஒரு போத்தை நட்டுவிட்டால், கீரைக்கட்டின் விலை ஏறிய நாட்களிலும் கவலையில்லை. நீரிழிவு உள்ளவர்கள் இவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை, பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சில மணி நேரம் பார்வை கூசும் என்பதால், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது.